கொடுங்காயம்

கொடுமை + காயம். 'மை' கெட்டு மெல்லெழுத்துத் தோன்றியது, கொடுங்கோல் போல. உடலைக் குறிக்கும் காயம் வடமொழி வழி வந்த வேறு சொல். புண்ணைக் குறிக்கும் காயம் தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்குகிறது.

சட்டத்தில் இதற்கு எட்டு வகை: பார்வையிழப்பு, முகத்தின் நிலையான சிதைவு, எலும்போ பல்லோ முறிதல் முதலியன. கடைசி வகையில், கடும் வலியைக் காரணமாகக் காட்டினால் அது 20 நாள் நீடித்திருக்க வேண்டும் என்றது 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதை 15 ஆக்கியது.

மேல்முறையீட்டில் வழக்கே பல நேரம் இந்தச் சொல்லில்தான் நிற்கும். காயச் சான்றிதழில் 'எலும்பு முறிவு' என்று எழுதியிருந்தும், எக்ஸ்ரே படமும் மருத்துவர் சாட்சியமும் இல்லாவிட்டால் அது சாதாரணக் காயமாகச் சுருங்கிவிடக்கூடும். ஆயுதமின்றி அடித்த வழக்கில் 7 ஆண்டு வரை போகக்கூடிய சிறை, 1 ஆண்டுக்குள் அடங்கிவிடும். அடிபட்டவருக்கு இது பெரும் அநீதி. படத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டியவர் அவரல்ல, விசாரணை அதிகாரி.