துணைச் செவிலியரும் எழுத்தறிவும்

நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் கண்விழித்திருப்பவளுக்கு எழுத்து எதற்கு? அன்பும் பொறுமையும் போதாவோ? பன்னெடுங்காலம் உலகம் இவ்வாறே எண்ணி வந்தது. நம் ஊர்களில் பேறு பார்த்த மருத்துவச்சியரும் பெரும்பாலும் ஏடறியாதவர்களே. தாயும் பாட்டியும் பக்கத்தில் வைத்துப் பழக்கிய கைத்திறனே அவர்களுடைய கல்வி.

இவ்வெண்ணத்தை மாற்ற முற்பட்டவர்களுள் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் முதன்மையானவர். 1860-ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அங்குப் பயின்ற பெண்கள் நாட்குறிப்பு எழுதி வரவேண்டும். இரவில் செவிலி கண்டது எழுத்தில் நின்றாலன்றி, காலையில் வரும் மருத்துவருக்கு அது முழுதும் பயன்படாது அன்றோ?

நம் நாட்டிற்கு வருவோம். சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்த அவலத்தை அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. 1951-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இலர். இங்கேதான் சிக்கல் எழுந்தது. உயர்ந்த படிப்பை வற்புறுத்தினால் சிற்றூர்களுக்குச் செல்ல ஆள் கிடைப்பது அரிது. படிப்பே வேண்டாம் என்றாலோ, மருந்துக் குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தறிய வழியில்லை.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி காணப்பட்டது. 1951-இல் பஞ்சாபிலுள்ள செயின்ட் மேரி மருத்துவமனையில் துணைச் செவிலியர் பயிற்சி தொடங்கியது. ஏழு அல்லது எட்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பும், அதன்மேல் இரண்டாண்டுப் பயிற்சியும் போதும் என்று வரையறுத்தனர்.

அந்தச் சிறு படிப்பின் பயன் என்ன? கருவுற்ற பெண் ஒருத்தியின் கால் சற்றே வீங்கியிருக்கிறது என்று கொள்வோம். வீக்கத்தை எவரும் காணலாம். ஆனால், சென்ற மாதம் குறித்த இரத்த அழுத்தத்தின் அருகே இம்மாத அளவையும் குறித்து ஒப்பிட்டால்தான், அது மெல்ல ஏறிவருவது புலப்படும். உரிய காலத்தில் அவளை மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு அந்த இரண்டு எண்களே காரணமாகின்றன. பதிவேட்டின் ஒரு வரியில் இரண்டு உயிர்கள் அடங்கியுள்ளன எனில் மிகையன்று.

1973-இல் கர்த்தார் சிங் குழு, துணைச் செவிலியரைப் பல்நோக்கு நலப் பணியாளராக்கப் பரிந்துரைத்தது. பணி விரிந்தது, தகுதியும் உயர்ந்தது. 1977-இல் வகுத்த பாடத்திட்டம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியையும் 18 மாதப் பயிற்சியையும் விதித்தது. இந்நாளில் பன்னிரண்டாம் வகுப்பும் இரண்டாண்டுப் பயிற்சியும் வேண்டப்படுகின்றன.

தகுதியை உயர்த்த ஓர் ஆணை போதும். அத்தகுதியுடைய பெண்களை ஆணையால் உண்டாக்க இயலாது. உயர்நிலைப் பள்ளி எட்டாத ஊரில், நோயாளரின் மொழியும் மனமும் அறிந்த பெண் வாயிலிலேயே நின்றுவிடுவாள். ஆதலால் எழுத்தறிவு வேண்டும் என்று கேட்கும் சமுதாயம், அதனை முதலில் வழங்கவும் கடமைப்பட்டுள்ளது. நல்ல துணைச் செவிலியரை நாடுவோர், சிற்றூர்ப் பெண் குழந்தை இடைநிற்காமல் படிக்கின்றாளா என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.