ஒரே பாடத்தில் இரண்டு பாதுகாப்பு

இந்த மலரில் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு பாடத்தின் வரலாற்றை எழுதுகிறேன். போதைத் தடுப்பையும் வளரிளம் பருவ உடல் நலத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. இரண்டையும் ஏன் சேர்த்தாங்க?

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அம்மாவும், அவரிடம் படித்த நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ரத்த மாதிரிகளைப் பரிசோதிக்க நிர்மலா கொண்டு போன இடம் நம்ம பக்கத்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. பிறகு 1989-90-ல் மணிப்பூரில் போதை ஊசி போடுகிறவர்களிடம் இந்தக் கிருமி வேகமாகப் பரவியது. ஒரே ஊசியைப் பல பேர் மாத்தி மாத்திப் போட்டதுதான் காரணம். அவர்கள் வழியாக மனைவிமாருக்கும் வந்தது. போதையையே தொடாத பொம்பளைக்கும் நோய்! போதையும் பாலியல் நலமும் வேறு வேறு இல்லை என்பதை அந்தக் குடும்பங்கள்தான் நாட்டுக்குக் காட்டின.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் போலீசாரே வகுப்புக்குப் போய் போதை வேண்டாம் என்று பாடம் நடத்தத் தொடங்கினார்கள். பிற்பாடு ஆய்வு செய்து பார்த்தால், அதைக் கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெறும் அறிவுரை போதாது என்று தெரிந்தது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் 'வாழ்க்கைத் திறன்' கல்வியை முன்வைத்தது. யோசிக்க, மறுக்க, உதவி கேட்கப் பழக்கும் கல்வி அது.

2005-ல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தது. வளர்ச்சி, எச்.ஐ.வி., போதை மூன்றும் அதில் சேர்ந்தே இருந்தன. 2007-ல் எதிர்ப்பு கிளம்பி, மகாராஷ்டிரா, கர்நாடகா போன்ற மாநிலங்கள் தடை போட்டன. நம்ம குழுவிலும் ஒரு அக்கா கேட்டாங்க, "இதையெல்லாம் சொல்லிக் குடுத்தா புள்ளைங்க கெட்டுப் போயிடாதா?" யுனெஸ்கோ பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அப்படி ஆவதில்லை என்று சொல்லியிருக்கிறது.

2020-ல் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் வந்தது. மொத்தம் 11 தலைப்புகள். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், வாரம் ஒரு மணி நேரம். போதைத் தடுப்பு, இனப்பெருக்க நலம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு.

என் மகள் எட்டாவது, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தப்போ வகுப்பில் நடித்ததைச் சொன்னாள். ஒருத்தி புகையிலைப் பொட்டலத்தை நீட்டி "ஒரு தடவை போட்டுப் பாரு" என்பாளாம். அடுத்து ஒருத்தி, "போட்டோ அனுப்பு" என்று தொந்தரவு பண்ணும் பையனாக நடிப்பாளாம். "ரெண்டுக்கும் ஒரே பதில்தாம்மா. வேணாம்னு சொல்லணும், அங்கேருந்து நகரணும், நம்புற பெரியவங்ககிட்ட சொல்லணும்" என்றாள். நம்ம மலையில் பெற்றோர் வேலைக்கு வெளியூர் போக, பிள்ளைகள் மாதக்கணக்கில் விடுதியில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கூட நிற்பது இந்தப் பாடம்தான்.

ஆனால் பரீட்சை நெருங்கினால் இந்த ஒரு மணி நேரம் கணக்குப் பாடத்துக்குப் போய்விடக்கூடும். 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதனால் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் "இந்த வாரம் அந்த வகுப்பு நடந்துச்சா சார்?" என்று கேளுங்க. வீட்டிலும் பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் அடிக்காமல் முழுசாகக் கேளுங்க. ஆபத்து என்றால் 1098-க்குப் போன் பண்ணலாம், காசு கிடையாது. இந்த எண்ணைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.