ஏபிஎஸ்: வாளையாருக்கு சரி, போடிமெட்டுக்கு?

ஏபிஎஸ் இருந்தால் வண்டி சட்டென்று நிற்கும் என்று நம்மூரில் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

ஆரம்பம் கார் அல்ல, விமானம். 1950களில் டன்லப்பின் 'மாக்ஸரெட்' கருவி, ஈர ஓடுபாதையில் சக்கரம் பூட்டி டயர் வெடிக்காமல் பார்த்துக்கொண்டது. 1966-ல் அதை ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் காரில் வைத்தார்கள். 1978-ல் பாஷின் எலக்ட்ரானிக் ஏபிஎஸ், மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. பைக்குக்கு வர மேலும் பத்து வருஷம்: 1988, பிஎம்டபிள்யூ கே100. நம்ம ஓசூர் டிவிஎஸ், அப்பாச்சி ஆர்டிஆர் 180-ல் கொடுத்தது 2011-ல்.

வேலை எளிமையானதுதான். சக்கரம் பூட்டப் போகிறது என்று சென்சார் சொன்னதும், பிரேக்கை விநாடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும். சக்கரம் உருண்டால்தானே ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும்! இங்கே அமெரிக்கப் பனியில் ஓட்டும்போது என் காலுக்கடியில் பெடல் கிர்ரென்று அதிரும். பயந்து காலை எடுக்கக் கூடாது.

இனி நம்மூர் எல்லைக்கு வருவோம். வாளையார் தாண்டிப் பாலக்காடு போகும் ரோடு வேகமான நான்குவழிச் சாலை. தென்மேற்குப் பருவமழையில், முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் ஏபிஎஸ் பெரிய துணை. இடுக்கிக்கு ஏறும் எங்க போடிமெட்டு கதை வேறு. 17 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஏபிஎஸ் ஒன்றும் செய்யாது. அங்கே சின்ன கியர்தான் காப்பாற்றும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை எந்தக் கருவியும் காப்பாற்றாது. பைக் வளைவில் சாய்ந்திருக்கும்போதும் சாதாரண ஏபிஎஸ்ஸை முழுசாக நம்ப முடியாது. சரளை மண்ணில் நிற்கும் தூரம் கூடவும் செய்யும். பூட்டிய சக்கரம் மண்ணைக் குவித்து நிற்கும், உருளும் சக்கரத்துக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொன்று மனுஷ புத்தி. 1980களில் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரு டாக்சி கம்பெனியின் பாதி வண்டிகளுக்கு ஏபிஎஸ் வைத்து சோதித்தார்கள். விபத்துக் கணக்கில் பெரிய வித்தியாசமே இல்லை. ஏபிஎஸ் உள்ள டிரைவர்கள் தைரியமாக ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்!

பைக்குக்கு இந்தக் கணக்கு மாறும். பூட்டிய கார் சறுக்கினாலும் நான்கு சக்கரத்தில் நிற்கும். பைக்கின் முன்சக்கரம் பூட்டினால் ஆள் தரையில். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு பார்த்ததில், ஏபிஎஸ் உள்ள பைக்குகளில் உயிர்ப்பலி விபத்து 22 சதவீதம் குறைவு. ஆக, அதிகம் தேவைப்பட்டவனுக்குத்தான் கடைசியில் வந்திருக்கிறது.

இந்தியாவில் 2019 ஏப்ரலில் கார்களுக்கும் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கும் கட்டாயமானது. அதற்குக் கீழே, இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று அப்போது விட்டுவிட்டார்கள். தினமும் வேலைக்குப் போகும் நம்ம ஜனம் ஓட்டுவது பெரும்பாலும் அந்தச் சின்ன வண்டிகளைத்தான்.

என்னைக் கேட்டால் ஏபிஎஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு தண்டமில்லை. முன்சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டுக்குமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். மெட்டு இறங்கும்போது மட்டும் அது இருப்பதையே மறந்துவிடுங்கள்.