கல்லில் பொறித்த பிரார்த்தனை: தாயத்துக்கும் நாமக்கல் குருந்தத்துக்கும் என்ன தொடர்பு?

மோதிரத்தில் சிவப்புக் கல், அதன் மேல் அரபி எழுத்து. முத்திரையா, தாயத்தா? பெரும்பாலும் எழுத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். மெழுகிலோ காகிதத்திலோ பதிக்கும் முத்திரையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும். தாயத்துக் கல்லில் நேராக வாசிக்கலாம்.

இஸ்லாமிய உலகில் இதற்கு அதிகம் விரும்பப்பட்டது 'அகீக்'. கீழடி செய்திகளில் அடிபடும் அதே சூதுபவளம்தான். முகலாயர்களிடம் மரகதமும் வந்தது. ஹிஜ்ரி 1107 (கி.பி. 1695-96) எனப் பொறித்த 217.8 காரட் மரகதம் ஒன்றில் ஒரு பக்கம் ஷியா பிரிவினரின் பிரார்த்தனை, மறுபக்கம் பூ வேலைப்பாடு. அப்போது ஆண்ட ஔரங்கசீப்போ சுன்னி! அதனால் அணிந்தவர் வேறு யாரோ எனக் கருதப்படுகிறது.

சரி, இவ்வளவு கெட்டியான கல்லில் எப்படி எழுதினாங்க? உளி வேலைக்கு ஆகாது. சுழலும் சின்னச் சக்கரத்தில் அதைவிடக் கெட்டியான கல்லின் பொடியைத் தடவி, எழுத்தைத் தேய்த்தே எடுக்க வேண்டும். வைரப் பொடிக்கு விலை அதிகம். குருந்தப் பொடி கைக்கு எட்டியது. கடினத்தன்மை அளவில் சூதுபவளம் சுமார் 7, மரகதம் 7.5 முதல் 8, குருந்தம் 9. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்பதே நம்ம குருந்தம்தான்.

அந்தக் குருந்தம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பாறைகளில் இருக்கிறது. நிலா மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ பாறை எடுத்ததும் இதே ஊரில்தான். குருந்தமே சிவப்பாக, தெளிவாகக் கிடைத்தால் அது மாணிக்கம். அதில் எழுத்து வெட்டணும்னா குருந்தப் பொடி திணறும், வைரம்தான் வேணும்.