'மற்றவை' என்ற பெட்டி

மருத்துவமனைப் பதிவேட்டில் நோய்க்கு நேரே எழுதப்படும் குறியீட்டின் மூதாதை ஒரு சாவுப் பட்டியல். பாரிஸ் நகரப் புள்ளிவிவர அலுவலர் ஜாக் பெர்ட்டிலான் 1893இல் சிகாகோவில் முன்வைத்தது, மனிதர்கள் எதனால் செத்தார்கள் என்று எண்ணுவதற்கான வரிசை. ஆளைக் கொல்லாத நோய்களுக்கு அதில் முறையான இடம் கிடைத்தது 1948இல், ஆறாம் பதிப்பில்தான். எண்டோமெட்ரியோசிஸ் பெரும்பாலும் கொல்வதில்லை. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு வேறிடங்களில் வளர்ந்து, மாதாமாதம் பெண்ணைச் சுருட்டிப் போடும். 1920களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் அதற்குப் பெயர் வைத்தார். இன்று உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இத்தனை பேரின் வலியைப் பதிவேடு எப்படிப் பிடித்து வைத்தது என்று பார்த்தால், சாவை எண்ணப் பிறந்த பட்டியலின் பிறவிக்குணம் தெரியும்.

அந்தப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இந்நோய்க்கான குறியீடு என்80. சினைப்பையில் இருந்தால் என்80.1, அவ்வளவுதான், வலமா இடமா, மேலோட்டமா ஆழமா என்று பட்டியல் கேட்கவே இல்லை. நெஞ்சுக்கூட்டில் இருந்தால் என்80.8, அதாவது 'மற்றவை'. கருப்பைத் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸைத் தனி நோயாக மருத்துவர்கள் பிரித்துப் பேசிப் பல பத்தாண்டுகள் ஆகியும், அது என்80.0க்குள்ளேயே கிடந்தது. 2022 அக்டோபர் 1 முதல் பத்தாம் பதிப்பின் அமெரிக்க வடிவத்தில் என்80 நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளாக விரிந்தது. வலது சினைப்பையில் ஆழமாக இருந்தால் என்80.121. உதரவிதானம், நுரையீரல், இடுப்பு நரம்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். அடினோமயோசிஸுக்கு என்80.03.

இவ்வளவு குறியீடு யாருக்கு, காப்பீட்டுக் கம்பெனிக்கா என்பார்கள். அவசரத்தில் எழுதுபவர் 'குறிப்பிடப்படாதது' என்பதைத்தான் போடுவார் என்பார்கள். இரண்டாவது நியாயமான சந்தேகம். அந்த வாய்ப்பும் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் முன்பு, உதரவிதானத்தில் திசுவைக் கண்ட அறுவை மருத்துவர் அதைத் தெளிவாக எழுதி வைத்தாலும் குறியீடு அதை விழுங்கிவிடும். இப்போது விடுபட்டால் அது எழுதாதவர் குறை. எண்ணப்படாத நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் கேட்டு வாதாட எதை வைத்துப் போவது? காப்பீட்டுக்காரருக்கும் இதில் ஆதாயம் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகப் பதினோராம் பதிப்பு அடினோமயோசிஸை முற்றாகப் பிரித்து ஜிஏ11 என்று இட்டிருக்கிறது. பல நாடுகளில் இன்னும் பத்தாம் பதிப்பே ஓடுகிறது. அங்கே அடினோமயோசிஸ் இன்றும் என்80.0தான்.