கழிவாய் மிஞ்சிய கூழ்

அலிபிரி அடிவாரத்துத் திருப்பதியில் 1955இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, கோழித்தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது உலகின் புது அறிவியல். அதன் பிறப்போ ஒரு கழிவில்.

1948 இறுதியில், நியூயார்க் மாநிலத்து லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் தரும் நுண்ணுயிரை நொதிக்கவைத்தபின் மிஞ்சிய கூழைக் குஞ்சுகளுக்கு ஊட்டினர். வைட்டமினால் மட்டும் விளக்கமுடியாத வேகத்தில் அவை வளர்ந்தன. கூழில் தங்கிய ஆன்டிபயாடிக்கின் வேலை அது. ஆய்வகத்தின் ஆராய்ச்சியை வழிநடத்திய, ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மறைந்திருந்தார்.

அதன்பின் நோயற்ற கோழியும் மருந்து தின்றது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்று பிரிட்டனின் ஸ்வான் குழு 1969இல் எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் தடையை முழுமையாக்க 2006 ஆயிற்று! கடைசிப் புகலான கோலிஸ்டினை இந்தியா 2019இல் கால்நடைகளுக்குத் தடைசெய்தது.

பண்ணைகள் மலிந்த சித்தூர் வட்டாரத்துக்கும் இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. மாற்றாகச் சொல்லப்படும் மூலிகைத் தீவனத்திலும் நொதித்தலே மையம். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பேற்றி, சால்மோனெல்லா போன்றவற்றை ஒடுக்குகின்றன. நாரையும் ஓரளவு சிதைக்கின்றன. ஆயினும் மூலிகை மாறினால், புளிக்கும் நாள் மாறினால், பலனும் மாறுகிறது. ஆரியோமைசின் கூழுக்கு இந்தச் சங்கடம் குறைவு. அது பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.