முதுமையில் இரைப்பைத் தொற்று: ஹெலிகோபாக்டர் பைலோரி சிகிச்சையின் வரலாறு

முன்னுரை

இரைப்பையின் அமிலத்தில் பாக்டீரியா நிலைத்து வாழ இயலாது என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகம் கொண்டிருந்த கருத்தாகும். வயிற்றுப்புண்ணுக்கு மன அழுத்தமும் அமில மிகுதியுமே காரணங்களாகக் கொள்ளப்பட்டன. அக்கருத்து மாறிய பின்னர், பல பத்தாண்டுகள் உடலில் தங்கிய தொற்றை அறுபது வயதிற்குப் பின் அகற்றுவதால் பயனுண்டா என்னும் வினா எழுந்தது. அவ்வினாவின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்டுபிடிப்பும் ஏற்பும்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் வல்லுநர் ராபின் வாரன் 1979இல் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். அவரும் பேரி மார்ஷலும் இணைந்து மேற்கொண்ட ஆய்வில் 1982இல் அவை ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டன. 1984இல் மார்ஷல் அப்பாக்டீரியாவைத் தாமே அருந்தி இரைப்பை அழற்சிக்கு ஆளானார். எனினும் மருத்துவ நடைமுறை உடனே மாறவில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, தொற்றுடைய புண் நோயாளிகளுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளைப் பரிந்துரைத்தது 1994இல்தான். அதே ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனைப் புற்றுநோய்க் காரணிகளின் முதற்பிரிவில் சேர்த்தது. 2005இல் வாரனும் மார்ஷலும் நோபல் பரிசு பெற்றனர்.

பிறந்த காலமும் தொற்றும்

இத்தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் ஏற்படுகிறது. சிகிச்சையின்றி நீங்குவது அரிது. ஜப்பானில் 1950க்கு முன் பிறந்தோரிடம் இது மிகுதியாகவும் பின்னர்ப் பிறந்தோரிடம் குறைவாகவும் காணப்பட்டது. குடிநீரும் சுகாதாரமும் மேம்பட்டமை இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஆகவே முதியோரிடம் தொற்று மிகுந்திருப்பது முதுமையின் விளைவு அன்று. அவர்களது குழந்தைப் பருவச் சூழலின் எச்சம் ஆகும்.

தயக்கமும் சான்றுகளும்

முதியோருக்குச் சிகிச்சையளிப்பதில் நிலவிய தயக்கத்திற்கு அடிப்படை உண்டு. நெடுநாள் தொற்றால் இரைப்பையின் உட்சவ்வு முன்பே நலிந்திருக்கலாம். சிகிச்சையில் பயன்படும் கிளாரித்ரோமைசின், கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மருந்துகளோடும் வார்ஃபரினோடும் வினைபுரிந்து தீங்கு விளைவிக்கக்கூடும்.

இத்தயக்கத்தை இரு ஆய்வுகள் மறுபரிசீலனைக்கு உட்படுத்தின. ஹாங்காங்கில் சிகிச்சை பெற்ற 73,237 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோரிடம் இரைப்பைப் புற்றுநோய் எதிர்பார்த்த அளவினும் குறைந்ததைக் காட்டியது. பத்தாண்டுகளுக்குப் பின் இக்குறைவு தெளிவாயிற்று. இது பொது மக்களோடு ஒப்பிட்ட பதிவு ஆய்வு என்பதால் எச்சரிக்கையுடன் ஏற்கத்தக்கது. பிரிட்டனில் ஆஸ்பிரின் உட்கொள்ளும் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், புண்ணிலிருந்து குருதி கசிந்து மருத்துவமனையில் சேர்வது முதல் இரண்டரை ஆண்டுகளில் குறைந்தது. அப்பயன் பின்னர் நீடிக்கவில்லை.

முடிவுரை

புற்றுநோய்த் தடுப்பின் பயன் ஆண்டுகள் கடந்தே புலப்படுகிறது. குருதிக் கசிவுத் தடுப்பின் பயனோ விரைவில் கிட்டுகிறது. ஆதலின் முதியவர் ஒருவருக்குச் சிகிச்சை வேண்டுமா என்பதை அவரது வயது மட்டும் தீர்மானித்தல் பொருந்தாது. அவர் உட்கொள்ளும் மருந்துகள், முந்தைய புண், பொது உடல்நிலை ஆகியவையே அளவுகோல்களாதல் வேண்டும்.